நுழைவாயிலுக்குக் கொடுத்த காசு

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின்னர் எங்கள் ஊர்ப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தார் நால்வர் கடைக்கு வந்தார்கள். கையில் பற்றுச்சீட்டுப் புத்தகம். "ஹாஜியார், கேட் வேல பாதியில நிக்குது. மேல வளைவும் பெயர்ப் பலகையும் மட்டுந்தான் பாக்கி. உங்கட பேரையும் கல்லுல போடுவோம்" என்றார் செயலாளர். நான் மறுக்கவில்லை. காசோலையை எழுதிக் கொடுத்தேன். தேநீர் குடித்துவிட்டு, துஆவும் செய்துவிட்டுப் போனார்கள்.

அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்த பையனைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன். பத்தொன்பது வயது. அதே பாடசாலையில் படித்தவன். சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்தவன். எங்கள் பாடசாலையில் உயர்தரம் இருக்கிறது. ஆனால் கலையும் வர்த்தகமும் மட்டும். விஞ்ஞானப் பிரிவோ கணிதப் பிரிவோ படிப்பதானால் நகரத்துக்குப் போக வேண்டும், அங்கே தங்க வேண்டும், மூன்று பாடத்துக்கும் டியூஷன் எடுக்க வேண்டும். வாப்பா முச்சக்கர வண்டி ஓட்டுகிறார், கீழே மூன்று பிள்ளைகள். பையன் ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு என்னிடம் வந்தான். கொள்முதல் விலையில் கழிவு போட்டு, வற் வரியைச் சேர்த்து, இலாப வீதத்தை நான் கல்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் வாயால் சொல்லிவிடுவான். எனக்கு நல்ல வேலையாள் கிடைத்தான் என்று இரண்டு வருடமாக மகிழ்ந்துகொண்டிருந்தவன்தான் நானும்.

அன்றைக்கு அந்தக் கோப்பைகளை அவன் எடுத்துக்கொண்டு போகும்போது, "முதலாளி, கேட் கட்டினா கெமிஸ்ட்ரி வருமா?" என்று கேட்டான். பகிடியாகத்தான் கேட்டான். எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

நம் நாட்டில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் நடக்கும் 1ஏபி தரப் பாடசாலைகள் ஏறத்தாழ பத்தில் ஒன்று. மற்றப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும், ஊரை விட்டுப் போனால்தான் வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வரலாம். பிள்ளைக்குத் தகுதி இருக்கிறதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. முதலில் அந்தப் பாடம் அந்த ஊரில் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. வியாபாரிக்கு இது இலேசில் விளங்கும். கடையில் வைக்காத சரக்கை, "யாரும் கேட்கவில்லை, ஆகவே தேவையில்லை" என்று சொல்ல முடியுமா?

ஒரு சாதாரணப் பாடசாலையில் கடினமான மேற்படிப்புப் பாடங்களைத் திறந்துவிட்டால் அந்தப் பாடசாலை உயருமா, அல்லது பிள்ளைகள் தோற்றுப்போய் உள்ளதும் கெடுமா? இதற்குப் பதில் தேடும்போது எனக்கு நினைவு வருவது அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதி. பல வருடங்களுக்கு முன் சரக்கெடுக்க சிங்கப்பூர் போயிருந்தபோது ஹோட்டல் அறையின் தொலைக்காட்சியில் ஒரு படம் ஓடியது. 1988இல் வெளிவந்த 'ஸ்டான்ட் அன்ட் டெலிவர்'. பாட்டும் சண்டையும் இல்லாத படம். ஒரு கணக்கு வாத்தியாரின் கதை. பிறகு அந்தக் கதையின் உண்மையைத் தேடி வாசித்தேன். படத்தில் இருப்பதைவிட உண்மையில்தான் நமக்குப் பிரயோசனம் அதிகம்.

கிழக்கு லொஸ் ஏஞ்சலிஸில் கார்பீல்ட் என்றொரு உயர்நிலைப் பாடசாலை. பிள்ளைகளில் அநேகமானோர் மெக்சிக்கோ வம்சாவளியினர், கூலி வேலை செய்யும் குடும்பங்கள். 1970களின் நடுப்பகுதியில் அந்தப் பாடசாலை அங்கீகாரத்தையே இழக்கும் நிலையில் இருந்தது. அங்கே 1974இல் கணித ஆசிரியராக வந்தவர் ஹைமே எஸ்கலன்டே. பொலீவியா நாட்டுக்காரர், லா பாஸ் நகரில் பௌதிகமும் கணிதமும் கற்பித்தவர். 1960களில் அமெரிக்காவுக்கு வந்தபோது ஆங்கிலம் தெரியாது. அவருடைய பொலீவியச் சான்றிதழை அங்கே எவரும் ஏற்கவில்லை. உணவுக்கடையில் தரை துடைத்தார், சமையல் வேலை பார்த்தார், இரவில் கல்லூரிக்குப் போனார், பின்னர் பரோஸ் என்ற கணினிக் கம்பனியில் வேலை கிடைத்தது. அந்த வேலையையும் விட்டுவிட்டுத்தான் வகுப்பறைக்குத் திரும்பினார். மத்திய கிழக்கில் எத்தனையோ வருடம் உழைத்த நம்மவர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதல்ல.

அமெரிக்காவில் 'அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்', சுருக்கமாக ஏபி, என்றொரு முறை இருக்கிறது. கொலேஜ் போர்ட் என்ற அமைப்பு 1950களின் நடுப்பகுதியில் இருந்து நடத்தி வருகிறது. பல்கலைக்கழக முதலாம் வருடப் பாடத்தைப் பாடசாலையிலேயே படித்து, மே மாதத்தில் நாடு முழுவதற்கும் பொதுவான பரீட்சையை எழுதலாம். புள்ளி ஒன்றிலிருந்து ஐந்து வரை; மூன்றும் அதற்கு மேலும் சித்தி. பல பல்கலைக்கழகங்கள் அந்தப் புள்ளியைப் பார்த்து, அந்தப் பாடத்தை மீண்டும் படிக்கத் தேவையில்லை என்று விட்டுவிடும். காசும் மிச்சம், காலமும் மிச்சம். இன்று ஒரு பாடத்துக்குப் பரீட்சைக் கட்டணம் ஏறக்குறைய 100 டொலர்; பல்கலைக்கழகத்தில் அதே பாடத்துக்குக் கட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் அது தேநீர்ச் செலவு. பாடத்தின் உயரத்தைப் பார்த்தால் நமது உயர்தரத்துக்கு நெருங்கியது என்று சொல்லலாம். ஆரம்பத்தில் வசதியான பாடசாலைகளின் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்றே உண்டான ஏற்பாடு அது.

எஸ்கலன்டே அதைக் கார்பீல்டுக்குக் கொண்டுவந்தார். 1978இல் நுண்கணித வகுப்பைத் தொடங்கினார். முதல் தடவை பரீட்சை வரை தாக்குப்பிடித்தவர்கள் ஐந்தே பேர். அடுத்த வருடம் ஒன்பது பேர் எழுதி ஏழு பேர் சித்தி. 1981இல் 15 பேர் எழுதி 14 பேர் சித்தி. ஒரு வியாபாரி இந்த எண்களைப் பார்த்தால் என்ன சொல்வான்? மூன்று வருடம் பொறுமையாக இருந்திருக்கிறான், வாடிக்கை மெதுவாகக் கூடியிருக்கிறது என்பான்.

1982இல் 18 பேர் எழுதினார்கள். 18 பேரும் சித்தி. அங்கேதான் தலையிடி தொடங்கியது. பரீட்சையை நடத்திய நிறுவனம், விடைகளில் ஒரே மாதிரியான பிழைகள் இருக்கின்றன என்று கூறி 14 பேருடைய பெறுபேற்றைக் கேள்விக்குள்ளாக்கியது. ஊரில் பெரும் கொந்தளிப்பு. வசதியான பகுதிப் பிள்ளைகளாக இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருப்பார்களா என்று பெற்றோர் கேட்டார்கள். கடைசியில் 12 பிள்ளைகள் கோடை விடுமுறை முடியும் நேரத்தில், புத்தகத்தைத் தொட்டுப் பல வாரமான நிலையில், கண்காணிப்பின் கீழ் மீண்டும் பரீட்சைக்கு உட்கார்ந்தார்கள். 12 பேரும் சித்தியடைந்தார்கள். அடுத்த வருடம் அந்தப் பாடசாலையில் 33 பேர் எழுதி 30 பேர் சித்தி. 1987இல் 73 பேர் முதல் நிலை நுண்கணிதத்திலும், இன்னும் 12 பேர் அதற்கு மேலான நிலையிலும் சித்தி. அந்தப் பாடத்தில் அமெரிக்கா முழுவதிலும் கார்பீல்டை விட அதிகம் பேரைத் தேற்றிய பாடசாலைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவையே.

படத்தைப் பார்த்தவர்கள் ஒரு தவறான எண்ணத்தோடு எழுந்து போவார்கள். பின்னம் தெரியாத பிள்ளைகளை ஓர் ஆசிரியர் ஒரே வருடத்தில் நுண்கணிதத்தில் சித்தியடைய வைத்துவிட்டார் என்று. அப்படி நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. எஸ்கலன்டேயும் அவருடைய சக ஆசிரியர்களும் கீழ் வகுப்பு அட்சர கணிதத்திலிருந்து படிப்படியாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். 1983 முதல் பக்கத்திலிருந்த கிழக்கு லொஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியில் கோடைகால வகுப்புகள் நடத்தி, ஒரு வருடப் பாடத்தைச் சில வாரங்களில் முடிக்க வைத்தார்கள். அதற்குத் தனியார் கம்பனிகளின் அறக்கட்டளைகளும் பணம் கொடுத்தன. நோன்புப் பெருநாளைக்கு விற்கும் உடுப்பை நாம் பெருநாளுக்கு முதல் நாள் கொள்முதல் செய்வதில்லை. மேல் வகுப்பில் வேதியியலும் நுண்கணிதமும் வேண்டுமென்றால் சரக்கை ஏழாம் எட்டாம் தரத்தில் ஏற்ற வேண்டும்.

இன்னொருவரையும் படம் சரியாகக் காட்டவில்லை: 1981இல் வந்த அதிபர் ஹென்றி கிரடியாஸ். அடிப்படைக் கணித வகுப்புகளைக் குறைத்தார். அதில் இருந்தே தீர வேண்டிய பிள்ளைகள் கூடவே அட்சர கணிதமும் படிக்க வேண்டும் என்றார். ஆசிரியருக்கு முதுகெலும்பாக நின்றவர் அவர். 1987இல் அவர் அங்கிருந்து போன பிறகு காற்று மாறியது. வகுப்புகளில் 50 பிள்ளைகளுக்கு மேல் இருக்கிறார்கள் என்று ஆசிரியர் சங்கத்தின் முறைப்பாடு, பெயர் பெற்ற ஆசிரியர் மீது சிலருக்குப் பொறாமை, 1990இல் துறைத் தலைவர் பதவியும் பறிபோனது. 1991இல் எஸ்கலன்டே கார்பீல்டை விட்டுப் போனார். 1996ஆம் ஆண்டில் அங்கே நுண்கணிதத்தில் சித்தியடைந்தோர் தொகை ஒரு டசினைக்கூட எட்டவில்லை. அவர் 2010இல் மறைந்தார். 2016இல் அமெரிக்கா அவருக்கு முத்திரை வெளியிட்டது. முத்திரை வெளியிடுவது இலகு.

இதை நான் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்களிலும் ஒரு நல்ல அதிபர் வருவார், ஐந்தாறு வருடம் பாடசாலை எழும்பும், அவர் இடமாற்றம் பெற்றுப் போவார், மறுபடியும் பழைய நிலை. முதலாளி இறந்ததும் மூடப்படும் கடையைப் போல. கடையை மகன் நடத்த வேண்டுமென்றால் வாப்பா இருக்கும்போதே கணக்கும் கொள்முதலும் அவன் கைக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா?

இனி காசு விஷயத்துக்கு வருவோம். டெக்ஸாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் ஓ'டொனல் என்ற வர்த்தகரின் குடும்ப அறக்கட்டளை 1990களின் நடுப்பகுதியில் ஒரு காரியம் செய்தது. கட்டடம் கட்டவில்லை. வசதி குறைந்த பாடசாலைகளில் ஏபி பாடங்களைப் பெருக்கியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அத்தோடு, ஒரு பிள்ளை ஏபி பரீட்சையில் மூன்று அல்லது அதற்கு மேல் எடுத்தால் பிள்ளைக்கும் பணம், கற்பித்த ஆசிரியருக்கும் பணம் என்றது. தொகை 100 முதல் 500 டொலர் வரை. காசு கொடுத்துப் படிக்க வைப்பதா என்று முகம் சுளித்தவர்கள் அங்கும் உண்டு. எனக்கும் முதலில் அது ஒரு மாதிரியாகத்தான் பட்டது. பின்னர் கிராபோ ஜாக்சன் என்ற பொருளியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். இந்தத் திட்டம் நடந்த பாடசாலைகளில் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைகளில் உயர்ந்த புள்ளி எடுத்தோர் தொகை 30 சதவீதம் அளவில் கூடியிருந்தது. கல்லூரிக்குச் சேர்ந்தோர் தொகை 8 சதவீதம் அளவில் கூடியிருந்தது. அவருடைய விளக்கம்தான் எனக்குப் பெறுமதியாகத் தெரிந்தது. பிள்ளைகள் காசுக்காக மட்டும் படிக்கவில்லை. ஆசிரியர்களும் ஆலோசகர்களும் "உன்னால் முடியும், வா" என்று பிள்ளைகளைத் தேடிப் போய் அழைக்கத் தொடங்கினார்கள் என்பதே அதன் சாரம். விற்பனைக்குத் தரகு வைத்தால் விற்பனையாளர் படியேறி வாடிக்கையாளரைத் தேடுவார் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எஸ்கலன்டேயைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஜே மத்யூஸ் என்ற பத்திரிகையாளர், எத்தனை ஏபி பரீட்சை எழுதப்படுகிறது என்பதை வைத்துப் பாடசாலைகளைத் தரப்படுத்தும் ஒரு சுட்டியை உண்டாக்கினார். சித்தியடைந்தோர் தொகையை அல்ல, எழுதப்பட்ட பரீட்சைகளின் தொகையை. அவருடைய நியாயம் எனக்கு விளங்குகிறது: சித்தி வீதத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று பலவீனமான பிள்ளைகளை வாசலிலேயே தடுத்துவிடும் பாடசாலைகளைப் பிடிக்க அதுதான் வழி. நம் நாட்டிலும் அந்த நோய் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் வியாபாரியாக என்னால் அதை முழுக்க ஏற்க முடியவில்லை. விற்பனைத் தொகையை மட்டும் எழுதி இலாபத்தை எழுதாத பேரேட்டை எந்த வங்கி முகாமையாளர் ஏற்பார்? ஆயத்தமில்லாத பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுப் பெரும்பாலோர் ஒன்று எடுத்து வந்தால், அந்தப் பாடசாலை தன் பெயரைத்தான் உயர்த்தியிருக்கிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

நம்மில் சிலர் மனதில் ஒரு பயமும் இருக்கிறது. வெளியில் சொல்ல மாட்டோம். எல்லாப் பையன்களும் மேலே படிக்கப் போனால் கடைக்கு யார் வருவது? எனக்கும் இருந்த பயம்தான். ஆனால் சுங்கத்தில் அசிக்குடா கணினி முறை வந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். ஒரு படிவத்தில் ஒரு குறியீடு பிழைத்தால் கொள்கலன் துறைமுகத்தில் கிடக்கும், தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். படித்தவன் கடைக்கு வரமாட்டான் என்பதில்லை. படிக்காதவனை வைத்துக்கொண்டு கடையை எத்தனை நாள் நடத்தலாம் என்பதுதான் இப்போது கணக்கு.

கொடுக்கத் தெரியாத சமூகமல்ல நாம். 1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை ஆரம்பித்தபோது அதன் நோக்கம் வசதியில்லாத மாணவர் மேற்படிப்பைத் தொடர உதவுவதாக இருந்தது. 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவிய நளீம் ஹாஜியார் மாணிக்கக்கல் வியாபாரி. எங்களுக்கு முந்தியவர்கள் காசை எங்கே வைத்தால் அது நடந்து போகும் என்று யோசித்தவர்கள். நாம் சுவரில் வைக்கிறோம், அது அங்கேயே நிற்கிறது. கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் இரசாயனவியலும் படிக்க முடியாது. ஆனால் எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதை எத்தனை அபிவிருத்திச் சங்கங்கள் தம் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்திருக்கின்றன?

உயர்தர விஞ்ஞானப் பிரிவை ஆரம்பிக்க அனுமதி கொடுப்பதும் ஆசிரியரை நியமிப்பதும் அரசாங்கத்தின் வேலை. அது நடக்காமல் நாம் எதுவும் செய்ய முடியாது என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது சௌகரியமாக இருக்கிறது. நியமனம் கிடைத்து வரும் ஆசிரியர் ஏன் மூன்றாம் மாதமே இடமாற்றக் கடிதத்தோடு அலைகிறார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? எங்கள் பாடசாலைக்கு ஒரு தடவை பௌதிகவியல் ஆசிரியை ஒருவர் வந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. தினமும் இரண்டு பஸ் மாறி வந்துபோனார். போய்விட்டார். அந்த வருடம் நாங்கள் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி மதில் கட்டிக்கொண்டிருந்தோம். நானும் அதற்குச் சீமெந்து கொடுத்தேன்.

அந்தப் பையனிடம் நான் போன கிழமை பேசினேன். தனியார் பரீட்சார்த்தியாகக் கணிதப் பிரிவுக்கு உட்காரலாம் என்றால் விருப்பமா என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. "இணைந்த கணிதத்த நானே பார்த்துக்குவன் முதலாளி. கெமிஸ்ட்ரிக்கும் பிஸிக்ஸுக்கும் யாராவது வேணும்" என்றான். எங்கள் ஊரிலிருந்து ஒன்பது மைல் தூரத்தில் ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வர முடியுமா என்று போய்க் கேட்டேன். ஒரு பையனுக்காக வரமாட்டேன், எட்டுப் பத்துப் பேர் இருந்தால் வருகிறேன், ஆனால் எட்டாம் ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கும் விஞ்ஞானம் எடுக்க விடுவீர்களா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். கார்பீல்ட் கதையை அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. தானாகவே அங்கே வந்து நின்றார்.

அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டம் வரும் பதினைந்தாம் திகதி. நிகழ்ச்சி நிரலில் நுழைவாயில் திறப்பு விழாவும், பிரதம அதிதி யார் என்பதும் இருக்கின்றன. மூன்றாவதாக ஒரு வரி சேர்க்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்: வார இறுதி விஞ்ஞான வகுப்பும், ஆசிரியரின் போக்குவரத்துச் செலவும், மூன்று வருடத்துக்கு. முதல் வருடத்துக்குரியதை நான் தருகிறேன் என்றும், கல்லில் என் பெயர் வேண்டாம் என்றும் சொன்னேன். செயலாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கல்லு வெட்டியாச்சே ஹாஜியார்" என்றார்.